இருப்புக்கொள்ளாத பிள்ளை: எப்போது தொடங்கியது என்று கேளுங்கள்



வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, கூரைக்குத் தறப்பாளோ தகரமோ போட்டு, வயலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பக்கங்கள் உங்கள் கைக்கு வருகின்றன. வீடு, நிவாரணம், ஆவணங்கள் பற்றி இந்தக் கைந்நூலின் மற்றப் பகுதிகளில் எழுதியிருக்கிறோம். இந்தப் பகுதி உங்கள் பிள்ளையைப் பற்றியது.

மீள்குடியேறிய கிராமங்களில் தாய்மார் எங்களிடம் அடிக்கடி சொல்வது இது: "இவன் ஒரு இடத்துல இரிக்கானில்ல. சொல்றது ஒண்டும் காதில ஏறுறல்ல. கொப்பியத் திறந்தா அஞ்சு நிமிசத்துல எழும்பி ஓடுறான்." வாத்தியாரும் அதையே சொல்லி அனுப்புகிறார். அயலவர் "குழப்படிப் பிள்ளை" என்கிறார்கள். சிலர் "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டா" என்று தாயைக் குறை சொல்கிறார்கள். வேறு சிலர் பேய், பிசாசு என்கிறார்கள்.

ஓரிடத்தில் இருக்காமை, கவனம் நிற்காமை ஆகியவை அடையாளங்கள் மட்டுமே. காய்ச்சல் பல காரணங்களால் வருவது போல இவையும் பல காரணங்களால் வரும். காரணம் தெரிந்தால்தான் என்ன செய்வது என்பது தெரியும். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு உதவும் முதற் கேள்வி ஒன்றுதான்: இது எப்போது தொடங்கியது?

மூன்று பிள்ளைகள்

விளக்கத்துக்காக மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பிள்ளைக்கு ஒன்பது வயது. 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபோது அவனும் வந்தான். அதற்கு முன் நன்றாகப் படித்தவன். இப்போது கதவு அடித்தாலே துள்ளி எழும்புகிறான். இரவில் விழித்து அழுகிறான். வகுப்பில் கரும்பலகையைப் பார்க்காமல் யன்னலையே பார்க்கிறான்.

இரண்டாவது பிள்ளைக்கு ஏழு வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஓட்டந்தான். பாலர் பாடசாலையிலும் இதே முறைப்பாடு, நலன்புரி நிலையத்திலும் இதே முறைப்பாடு, ஊருக்குத் திரும்பிய பின்னும் இதே முறைப்பாடு. தன் முறை வரும்வரை அவனால் காத்திருக்க முடியாது. கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவான். விரும்பிய விளையாட்டிலும் நெடுநேரம் நிற்கமாட்டான்.

மூன்றாவது பிள்ளைக்குப் பதினொரு வயது. அவள் ஓடுவதில்லை. கடைசி வாங்கில் சத்தமில்லாமல் இருக்கிறாள். சொன்னதை மறந்துபோகிறாள், பாதியில் விடுகிறாள், மேசையில் தலைவைத்துப் படுக்கிறாள். தாய் வயலுக்குப் போவதால் விடிய எழும்பித் தம்பியைப் பார்த்து, தண்ணீர் எடுத்து, பெரும்பாலும் வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு வருகிறாள். அவளைப் பற்றி எவரும் முறைப்பாடு சொல்வதில்லை. அதனாலேயே அவளுக்கு உதவியும் கிடைப்பதில்லை.

மூவரையும் "படிப்பில் கவனமில்லை" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். ஆனால் முதலாமவனுக்குத் தேவை பாதுகாப்பும் பொறுமையும். இரண்டாமவனை ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். மூன்றாமவளுக்கு முதலில் தேவை காலைச் சாப்பாடும் நித்திரையும் ஓர் இரத்தப் பரிசோதனையும்.

காவல் பரணில் இருப்பவர் போல

முதலாவது பிள்ளைக்கு என்ன நடக்கிறது? யானைக்குக் காவலாகப் பரணில் பல இரவுகள் விழித்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். விடிந்து வீட்டுக்கு வந்த பின்னும் ஓலை சரசரத்தால் அவர் திடுக்கிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கணக்கைச் சொன்னால் அவர் மனதில் அது ஏறாது. அவருடைய காது இன்னும் வயலில் இருக்கிறது.

ஆபத்து வரும்போது எங்கள் மூளை உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாக்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சிறு சத்தமும் பெரிதாகக் கேட்கிறது. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. ஆபத்து நீண்டகாலம் இருந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, அது போன பின்னும் அந்த ஏற்பாடு உடனே ஓய்வதில்லை. பிள்ளையின் கவனம் கெட்டுப்போகவில்லை. அது முழுவதும் காவலில் நிற்கிறது, படிப்புக்கு மிஞ்சவில்லை.

அந்த ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இதைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்து இடம்பெயர்வு. 2007 மார்ச்சில் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்வு. பிறகு முகாம், பிறகு மீண்டும் ஊர்.

"முகாமில் நல்லபிள்ளையாக இருந்தான், ஊருக்கு வந்த பிறகுதான் குழப்படி" என்று சில பெற்றோர் ஆச்சரியப்படுகிறார்கள். இதுவும் நடக்கக்கூடியதே. நெருக்கடியில் அடக்கி வைத்ததைப் பிள்ளைகள் கொஞ்சம் பாதுகாப்பு வந்த பிறகே வெளிக்காட்டுவதுண்டு. அதோடு, பெரியவர்களுக்கு ஊர் திரும்புவது வீடு திரும்புவது. சிறு பிள்ளைக்கோ அது இன்னுமோர் இடமாற்றம். முகாமில் கிடைத்த கூட்டாளிகளை அது விட்டுவிட்டு வந்திருக்கிறது. நினைவிலிருந்த வீடு இடிந்து கிடக்கிறது. வளர்த்த ஆடோ நாயோ இல்லை. ஊரில் சிலர் இல்லை.

பெரும்பாலான பிள்ளைகளில் இந்த அமைதியின்மை வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வர வர, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்லக் குறையும். அதற்கான மருந்தின் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பிறவியோடு வரும் நிலை

இரண்டாவது பிள்ளையின் கதை வேறு. சில பிள்ளைகளின் மூளை, கவனத்தை நிறுத்துவதிலும் அசைவை அடக்குவதிலும் மற்றப் பிள்ளைகளைவிட மெதுவாக வளர்கிறது. இதை வைத்தியர்கள் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டு நிலை என்பார்கள். ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரையும் நீங்கள் கேள்விப்படக்கூடும். உலகெங்கும் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருக்கிறது. போர் நடந்த நாட்டிலும் இருக்கிறது, நடக்காத நாட்டிலும் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதுமுண்டு. தாய் வளர்த்த விதத்தால் இது வருவதில்லை.

இந்த நிலையென்று சொல்வதற்கு வைத்தியர் மூன்று விடயங்களைப் பார்ப்பார். சிறு வயதிலிருந்தே இருக்கிறதா? ஆறு மாதத்துக்கு மேலாகத் தொடர்கிறதா? வீட்டில் மட்டுமோ பாடசாலையில் மட்டுமோ இல்லாமல், குறைந்தது இரண்டு இடங்களில் காணப்படுகிறதா? இரத்தம் சோதித்தோ படம் பிடித்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. தாயும் ஆசிரியரும் சொல்லும் விபரமே வைத்தியருக்கு முக்கியம்.

பயத்தால் அமைதியிழந்த பிள்ளையும் இந்த நிலையுள்ள பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித் தெரிவார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே அயலவர் சொல்வதைக் கேட்டு நீங்களாகப் பெயர் சூட்டிவிட வேண்டாம்.

முதலில் உடலைப் பாருங்கள்

மனதைப் பற்றி யோசிப்பதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்.

காது: பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? காது வடிகிறதா? பெரிய வெடிச்சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்குக் கேட்கும் சக்தி குறைந்திருக்கலாம். "சொல்வழி கேளாத" பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேளாமல் இருக்கக்கூடும்.

கண்: கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறதா? கண்ணைச் சுருக்குகிறதா? முன்வாங்கில் இருத்தினால் எழுதுகிறதா?

சாப்பாடு: காலையில் சாப்பிடாத பிள்ளைக்குப் பத்து மணிக்குமேல் கவனம் நிற்பது கடினம். பழஞ்சோறோ, புட்டோ, கஞ்சியோ, ஒரு பிடி வயிற்றில் இருக்கட்டும்.

இரத்தக் குறைவும் பூச்சியும்: முகம் வெளிறி, சோர்ந்து, விளையாட்டிலும் விருப்பமில்லாமல் இருந்தால் வைத்தியசாலையில் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையும் பூச்சி மருந்தும் அரச வைத்தியசாலையில் இலவசம். முருங்கை இலை, அகத்தி, கீரை, சிறுமீன் போன்றவை வளவிலும் வாவியிலும் கிடைப்பவைதான்.

நித்திரை: பாடசாலை வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 9 மணித்தியால நித்திரை வேண்டும். நித்திரை போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். பிள்ளையோ பெரும்பாலும் துள்ளும், எரிந்து விழும்.

வெறித்த பார்வை: பேசிக்கொண்டிருக்கும்போது சில வினாடிகள் அப்படியே நின்று வெறித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறதா? ஒரு நாளில் பல தடவை அப்படி நடந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். தலையில் அடிபட்ட பிள்ளையையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

தரம் 1, 4, 7 மாணவர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடப்பதுண்டு. இடம்பெயர்ந்த காலத்தில் உங்கள் பிள்ளைக்கு அது தவறியிருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

இவை எந்தக் காரணத்தால் அமைதியிழந்த பிள்ளைக்கும் உதவும். காசு தேவையில்லை. ஆனால் ஒரு நாள் செய்து பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது.

நாளுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். எழும்புவது, சாப்பிடுவது, குளிப்பது, படிப்பது, படுப்பது எல்லாம் முடிந்தவரை ஒரே நேரத்தில் நடக்கட்டும். தறப்பாள் கொட்டிலிலும் இதைச் செய்யலாம். அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளைக்குக் காவல் காக்கும் தேவை குறைகிறது.

போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். "மகன், அம்மா வயலுக்குப் போறன். வெயில் உச்சிக்கு வரக்குள்ள வந்திருவன். அதுவரைக்கும் அம்மம்மாக்கிட்ட இருங்க" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அழுமென்று பயந்து ஒளித்துப் போனால், அடுத்த தடவை பிள்ளை உங்கள் சேலையை விடாது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். "போய்க் கால் கழுவி, உடுப்பு மாத்தி, கொப்பிய எடுத்துட்டு வா" என்பது மூன்று வேலை. கிட்டப்போய், பெயர் சொல்லி, தோளில் கைவைத்து, "முதல்ல கால் கழுவு" என்று சொல்லுங்கள். அது முடிந்த பின் அடுத்தது.

படிப்பைத் துண்டு துண்டாக்குங்கள். பத்து நிமிடம் படிக்கட்டும். பிறகு எழும்பி ஒரு வாளி தண்ணீர் எடுத்துவரட்டும், ஆட்டை மாற்றிக் கட்டட்டும். மீண்டும் பத்து நிமிடம். ஒரு மணித்தியாலம் பிடித்து இருத்துவதைவிட இதில் கூடுதலாக ஏறும்.

நல்லதைக் கண்டவுடன் சொல்லுங்கள். நாள் முழுவதும் ஏச்சு வாங்கும் பிள்ளை, தான் கெட்ட பிள்ளை என்றே நம்பிவிடும். "இண்டைக்குத் தங்கச்சியோட சண்டை பிடிக்காம விளையாடினாய், நல்லம்" என்ற ஒரு வசனத்துக்குச் செலவில்லை.

ஓடவும் ஆடவும் விடுங்கள். கிளித்தட்டும் கொக்கானும் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியவையல்ல. முறை வரும்வரை காத்திருப்பதையும் தோற்றால் பொறுப்பதையும் அவை பழக்குகின்றன. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் ஆடும் வசந்தன் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். தாளத்துக்குக் கால்வைக்கவும், கோலைச் சரியான நேரத்தில் தட்டவும், மற்றவரைப் பார்த்து ஆடவும் வேண்டும். உடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கவனமும் பழகுகிறது. அண்ணாவிமார் இருக்கும் கிராமங்களில் மாலையில் மீண்டும் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சத்தத்துக்கு முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள். யானை வெடி, கோயில் வெடி, கிணறு வெட்டும் வெடி எல்லாம் முதலாவது பிள்ளையை நடுங்க வைக்கும். "இண்டைக்கு இரவு யானைக்கு வெடி போடுவாங்க. சத்தம் கேட்டா அப்பாக்குக் கிட்ட வா" என்று முதலே சொல்லிவையுங்கள். நடுங்கினால் பகிடி பண்ண வேண்டாம். சுடுசோற்றை ஊதி ஆற்றுவது போல மெதுவாக மூச்சை ஊதி விடச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து ஊதுங்கள். உடல் இறுக்கம் தளரும்.

கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இறந்தவரைப் பற்றியோ காணாமற்போனவரைப் பற்றியோ பிள்ளை கேட்டால், வயதுக்கேற்ற சிறிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை தானாகப் பேசினால் கேளுங்கள். விளையாட்டில் சண்டையும் ஓட்டமும் வந்தாலும், படத்தில் விமானம் கீறினாலும் தடுக்க வேண்டாம். ஆனால் "நடந்ததெல்லாம் சொல்லு" என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

மட்டக்களப்பு நகரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைச் சிலர் அறிந்திருப்பீர்கள். இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து தொடங்கியது அது. சுற்றுக் கிராமங்களிலிருந்து தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து, களிமண் பிசைந்து, படம் கீறி, கதை கட்டி, பாடி, நடித்துப் போனார்கள். அங்கு பயன்பட்ட களிமண்ணும் கதையும் உங்கள் முற்றத்திலும் உண்டு.

அடியைப் பற்றி

"ரெண்டு போட்டாத்தான் சரிவரும்" என்று நாங்கள் எல்லோரும் கேட்டே வளர்ந்தோம். காவலில் நிற்கும் பிள்ளைக்கு அடி என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். வெளியில் ஆபத்து இருக்கிறது என்று அதன் உடல் ஏற்கெனவே நம்புகிறது. வீட்டிலும் அடி விழுந்தால், உள்ளேயும் ஆபத்துத்தான் என்று அது முடிவெடுக்கிறது. அன்று ஒரு மணித்தியாலம் ஒடுங்கி இருக்கும். அமைதி வந்ததாக நினைப்போம். அது பயம். அடுத்த நாள் அமைதியின்மை இன்னும் கூடியிருக்கும்.

வடக்குக் கிழக்கில் சுமார் 300 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்து, 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. பிள்ளைகளின் மனவடு போருடனும் சுனாமியுடனும் மட்டுமல்லாமல், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையுடனும் தந்தையின் குடியுடனும் தொடர்புபட்டிருந்தது. போரையும் சுனாமியையும் நாங்கள் யாரும் நிறுத்தியிருக்க முடியாது. வீட்டு அடியை நிறுத்துவது எங்கள் கையில் இருக்கிறது.

கோபம் மிஞ்சும்போது பிள்ளையை விட்டு நாலடி தள்ளிப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். தண்டனை தேவையென்றால் சிறிதாகவும் உடனடியாகவும் இருக்கட்டும்: எறிந்ததைப் பொறுக்கி வைக்கட்டும், ஊற்றியதைத் துடைக்கட்டும்.

பாடசாலையோடு பேசுங்கள்

பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடைசெய்தது. பிள்ளைக்கு அடி விழுகிறது என்றால் அதிபரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் சண்டைக்குப் போவதற்கு முன் பேசப் போங்கள். ஆசிரியர்களில் பலரும் உங்களைப் போல இடம்பெயர்ந்தவர்கள். வகுப்பாசிரியரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: பிள்ளை எத்தனை பாடசாலை மாறியது, எத்தனை மாதம் படிப்பு விட்டுப்போனது, எதற்குப் பயப்படுகிறது, எது அதை அமைதிப்படுத்துகிறது. பிறகு இவற்றைக் கேளுங்கள்: முன்வாங்கில், யன்னலுக்குத் தள்ளி இருத்த முடியுமா? கரும்பலகை துடைப்பது, கொப்பி பகிர்வது போன்ற எழும்பி நடக்கும் வேலை கொடுக்க முடியுமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு வருடப் படிப்பு விட்டுப்போன பிள்ளைக்குப் பாடம் விளங்காது. விளங்காத பாடத்தில் எவருக்கும் கவனம் நிற்காது. பரிகாரக் கற்பித்தல் வகுப்பு நடந்தால் சேர்த்துவிடுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை கிட்டி வருகிறது என்பதற்காக, திரும்பிய முதல் தவணையிலேயே ரியூஷன் மேல் ரியூஷன் போட வேண்டாம். எந்தக் காரணத்தாலும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறிக்க வேண்டாம். பிள்ளைக்கு நாளில் ஒழுங்கு தரும் இடம் அதுதான்.

வெளியே ஓடும் பிள்ளை

அமைதியற்ற பிள்ளைக்குப் பொறுத்து யோசிப்பது கடினம். மீள்குடியேறிய ஊரில் அது உயிராபத்து. மிதிவெடியும் வெடிக்காத வெடிபொருளும் பற்றைக்குள்ளும் இடிந்த வீட்டுக்குள்ளும் இருக்கலாம். கட்டில்லாத கிணறும் வாவிக்கரையும் உண்டு.

நீண்ட அறிவுரை இந்தப் பிள்ளைக்கு நினைவில் நிற்காது. நாலு சொல் போதும்: நில். தொடாதே. வந்த வழியே திரும்பு. பெரியவரிடம் சொல். இதை ஒரு விளையாட்டாக நாளுக்கு ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். எதுவரை போகலாம் என்பதை வாயால் சொல்லாமல் கையைப் பிடித்து நடத்திக் காட்டுங்கள்: "இந்தப் புளியமரம் வரைக்கும், அந்த ஒழுங்கை வரைக்கும்." கூடப்போக மூத்த பிள்ளை ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

நூல் கட்டுவதும் வைத்தியமும்

பிள்ளை பயந்துவிட்டது என்று பார்வை பார்ப்பதும், நூல் கட்டுவதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும், அம்மனுக்கு நேர்த்தி வைப்பதும் எங்கள் வழக்கம். உங்கள் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உங்களுக்கு ஆறுதல் தருமென்றால் அது பிள்ளைக்கும் நல்லது. பெரியவர்கள் சூழ்ந்து நின்று "உனக்கு ஒன்றும் வராது" என்று சொல்வதே ஒரு துணை. ஆனால் பேயென்று சொல்லி அடிப்பது, கட்டிவைப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது கூடாது. நூல் கட்டினோம் என்பதற்காக வைத்தியரைப் பிற்போடவும் வேண்டாம். இரண்டுக்கும் பகை இல்லை.

எப்போது, எங்கே காட்டுவது?

கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள்.

ஊர் திரும்பி வாழ்க்கை ஓரளவு ஒழுங்கான பின்னும் சில மாதமாகக் குறையாமல் இருந்தால், அல்லது கூடிக்கொண்டு போனால்.
சிறு வயதிலிருந்தே வீட்டிலும் வெளியிலும் இப்படியே இருந்தால்.
இரவில் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால்.
பெரிய பிள்ளை மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது நிற்காவிட்டால்.
தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால், அல்லது செத்துப்போக வேண்டும் என்று சொன்னால். இதற்கு மட்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, கிட்டிய அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ சொல்லுங்கள். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளுக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கு போவதால் பிள்ளைக்கு "விசர்" என்று பெயர் வராது. எல்லாம் இலவசம். பிள்ளையை எவராவது துன்புறுத்துகிறார்கள் என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம்.

சில பிள்ளைகளுக்கு வைத்தியர் மருந்து கொடுக்கக்கூடும். பலருக்கு மருந்து தேவைப்படாது. அதை அவரே தீர்மானிக்கட்டும். கடையில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுப்பதும், மற்றப் பிள்ளையின் மருந்தைக் கொடுப்பதும் ஆபத்து.

உங்களையும் பாருங்கள்

தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகும் தாயிடம் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்வது எளிது. நித்திரையில்லாமல், நெஞ்சு படபடத்து, காரணமில்லாமல் அழுகை வந்தால் அது உங்கள் உடலும் காவலில் நிற்கிறது என்பதன் அடையாளம். அதே வைத்தியசாலையில் உங்களுக்கும் உதவி உண்டு. கிழமையில் ஒரு பின்னேரமாவது மாமியிடமோ பெரியம்மாவிடமோ பிள்ளையை விட்டு ஓய்வெடுங்கள். அயல் வீட்டுத் தாய்மார் முறைவைத்து ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பார்ப்பது பழைய வழக்கம். அதை மீண்டும் தொடங்கலாம்.

இன்றே தொடங்க ஒரு வேலை

பழைய கொப்பி ஒன்றில் ஏழு நாளைக்கு இவற்றை எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

எத்தனை மணிக்குப் படுத்தது, இரவில் எத்தனை தடவை எழும்பியது?
காலையில் என்ன சாப்பிட்டது?
எந்த நேரத்தில், எந்த இடத்தில் அமைதியிழந்தது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?
எது அமைதிப்படுத்தியது?

முதல் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் பெரிதாக எழுதுங்கள்: இது எப்போது தொடங்கியது? அந்தக் கொப்பியை ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் கொண்டுபோங்கள். அரை மணித்தியாலம் பேசியும் சொல்ல மறந்துபோவதை அந்த ஏழு நாள் எழுத்துச் சொல்லிவிடும். எது அமைதிப்படுத்தியது என்று நீங்கள் எழுதிய வரியை மறுநாளும் செய்யுங்கள்.